விக்கல் சொன்ன துப்பு... நோய்களைக் கண்காணிக்க உலகம் எதை முதலில் செய்ய வேண்டும்?

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், காட்டோரம் இருக்கும் சின்னஞ்சிறு ஊர் மெலியாண்டு. சியரா லியோன், லைபீரியா ஆகிய இரண்டு நாடுகளின் எல்லையும் அங்கிருந்து கிட்டத்தில்தான். 2013 டிசம்பரில் அந்த ஊரில், இரண்டு வயதுகூட நிரம்பாத ஓர் ஆண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி எடுத்தான். மலம் கறுத்துப் போனது. சில நாள்களில் இறந்துவிட்டான். அடுத்தடுத்து அவனுடைய அக்கா, அம்மா, பாட்டி என ஒரே வீட்டில் மரணங்கள். பாட்டியின் இறுதிச் சடங்குக்கு வந்து போனவர்களோடு நோயும் பக்கத்து ஊர்களுக்குப் போனது.

ஜனவரியில் சுகாதாரத் துறையினர் வந்து பார்த்தார்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் இருந்ததால் காலராவைப் போலத் தெரிந்தது. அந்தப் பகுதியில் காலரா புதிதும் அல்ல. நோய் நகர்ந்துகொண்டே இருந்தது. சிகிச்சை தந்த மருத்துவப் பணியாளர்களே இறக்கத் தொடங்கினார்கள். மார்ச் மாதம்தான் விவரமான ஓர் அறிக்கை ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் ஐரோப்பிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்த நிபுணர் ஒருவரின் கண் ஒரு வார்த்தையில் நின்றது. விக்கல்!

நோயாளிகளில் பலருக்கு விக்கல் இருந்ததாக அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. எபோலாவை ஏற்கெனவே நேரில் பார்த்திருந்தவருக்கு அது பழக்கமான அறிகுறி. ரத்த மாதிரிகள் விமானம் ஏறி பிரான்ஸுக்குப் போயின. ஆய்வக முடிவு வந்தது. எபோலாதான்.

மார்ச் 23-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, கணக்கில் இருந்தவர்கள் 49 பேர். அவர்களில் 29 பேர் இறந்திருந்தார்கள். முதல் குழந்தை இறந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 28,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 11,300-க்கும் மேற்பட்ட மரணங்கள்.

மூன்று மாதத்துக்குப் பதில் மூன்று வாரத்தில் அந்த விக்கல் யார் காதிலாவது விழுந்திருந்தால்?

உலக அளவிலான நோய்க் கண்காணிப்பு என்று சொல்லும்போது சுவர் முழுக்கத் திரைகளும், வரைபடங்களில் மின்னும் சிவப்புப் புள்ளிகளும், செயற்கை நுண்ணறிவும் நினைவுக்கு வரலாம். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது. ஆகவே எதற்கு முதலிடம், எது அடுத்து, எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்ற கேள்வி எழுகிறது. உயிர்களோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வி இது. இதற்கான பதில்களில் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்த சம்பவங்களிலேயே இருக்கிறது.

அதே வைரஸ், வேறு ஊர்

2014 ஜூலை 20. நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் லைபீரியாவிலிருந்து வந்து இறங்கிய பயணி ஒருவர் நிலைகுலைந்து விழுந்தார். அப்போது நைஜீரியாவில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அதனால் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதலில் மலேரியாவாக இருக்கும் என்றே சிகிச்சை தொடங்கியது.

மறுநாள் அவரைப் பரிசோதித்த மூத்த மருத்துவர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோவுக்குச் சந்தேகம் வந்தது. நோயாளி எங்கிருந்து வந்திருக்கிறார் என்பதையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தார். எபோலாவாக இருக்கலாம் என்று முடிவெடுத்து அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். நோயாளியை அனுப்பிவிடும்படி நெருக்கடி வந்தது. அடடேவோ மறுத்துவிட்டார். அதே நகரத்தில் இருந்த ஆய்வகத்தில் பரிசோதனை நடந்தது. சில நாள்களுக்குள் முடிவு தெரிந்துவிட்டது.

அதன் பிறகு நைஜீரியா செய்த காரியம்தான் முக்கியமானது. அந்த நாட்டில் போலியோவை ஒழிப்பதற்காக ஏற்கெனவே ஓர் அவசரகாலச் செயல்பாட்டு மையம் இருந்தது. வீடு வீடாகப் போகவும், ஆள்களைத் தேடிப் பிடிக்கவும், தினமும் கணக்கு எழுதவும் பழகிய ஆள்கள் அங்கே இருந்தார்கள். அந்த அமைப்பையும் ஆள்களையும் அப்படியே எபோலா பக்கம் திருப்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 894 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அவர்களைக் கண்காணிக்கச் சுமார் 18,500 முறை நேரில் போய்ப் பார்த்தார்கள்.

ஒரு கோடிக்கும் அதிகமான மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரத்தில் நுழைந்த நோய், நாடு முழுவதிலும் 20 பேரோடு நின்றது. எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த எட்டுப் பேரில் அடடேவோவும் ஒருவர். 2014 ஆகஸ்ட் 19 அன்று அவர் உயிர் பிரிந்தது. அக்டோபர் 20 அன்று நைஜீரியா எபோலா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது.

மெலியாண்டுவையும் லாகோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு வித்தியாசங்கள் புலப்படும். சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் நோயாளியின் அருகில் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்க ஆள் இருந்தது. ஆய்வகம் எட்டும் தூரத்தில் இருந்தது. முடிவு வந்த மறுநிமிடம் களத்தில் இறங்க ஆள்கள் தயாராக இருந்தார்கள். நான்கும் சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்றும் வீண்.

பூஜ்ஜியம் என்றால் என்ன அர்த்தம்?

ஒரு மாவட்டத்திலிருந்து ‘இந்த மாதம் நோய் எதுவும் இல்லை’ என்று அறிக்கை வருகிறது. உண்மையிலேயே நோய் இல்லையா, யாரும் பார்க்கவில்லையா? எந்தக் கண்காணிப்பு அமைப்பும் முதலில் தாண்ட வேண்டிய கண்டம் இதுதான்.

இதற்குப் போலியோ ஒழிப்புத் திட்டம் கண்டுபிடித்த வழி எளிமையானது. போலியோ நோயாளிகளை மட்டும் தேடாமல், 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரெனக் கை, கால் துவண்டு போனாலும் தகவல் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். 14 நாள்களுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகளை எடுத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இப்படித் துவண்டு போவதற்குப் போலியோ மட்டுமே காரணம் அல்ல. வேறு காரணங்களாலும் ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது இது வரும். ஆகவே ஒரு மாவட்டம் அந்த அளவுகூடத் தகவல் தரவில்லை என்றால், அங்கே போலியோ இல்லை என்ற பேச்சை நம்ப முடியாது. இந்தியா அந்த அளவை இன்னும் கடுமையாக்கி, ஒரு லட்சத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டது. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பாதிக்கப்பட்ட குழந்தைதான் இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி என்பதை 2014 மார்ச்சில் உலகம் ஏற்றுக்கொண்டதற்கு, இந்தக் கறாரான கணக்கே ஆதாரம்.

ஒரு கண்காணிப்பு அமைப்பு நன்றாக இருக்கிறதா என்று மதிப்பிட விரும்புகிறவர்கள், அது எத்தனை நோய்களைக் கண்டுபிடித்தது என்று மட்டும் கேட்டால் போதாது. ஒன்றும் கண்டுபிடிக்காத மாதத்தில் அதை எப்படி நம்புவது என்றும் கேட்க வேண்டும்.

வேலூரிலிருந்து ஒரு தபால் அட்டை

பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இதில் நீண்டகாலமாக ஒரு மன வருத்தம் உண்டு. பணக்கார நாடுகள் அஞ்சுவது, தங்கள் விமான நிலையத்தில் வந்து இறங்கக்கூடிய புது வைரஸைப் பற்றி. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் தன் முன்னுரிமைப் பட்டியலில் எபோலா, நிபா, லஸ்ஸா காய்ச்சல் ஆகியவற்றோடு, இனிமேல்தான் வரப்போகும் பெயர் தெரியாத நோய்க்கு ‘எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டு அதையும் சேர்த்தது. ஆனால், கினியிலோ காங்கோவிலோ ஒரு சுகாதார நிலையத்தின் வாசலில் தினமும் நிற்பவர்கள் மலேரியாவோடும் தட்டம்மையோடும் வயிற்றுப்போக்கோடும் வந்தவர்கள். ‘எங்கள் பிள்ளைகளைக் கொல்லும் நோயை விட்டுவிட்டு, உங்களைப் பயமுறுத்தும் நோயை நாங்கள் ஏன் எண்ண வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானது.

இந்தச் சண்டைக்கு ஒரு தீர்வு வேலூரில் இருக்கிறது. 1980-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைராலஜி நிபுணர் டி.ஜேக்கப் ஜான் முன்னின்று, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நதி’ என்று வரும். கம்ப்யூட்டர் கிடையாது, செல்போன் கிடையாது. அச்சடித்த தபால் அட்டைகள்தான். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதம் இல்லாமல் டாக்டர்கள் அந்த அட்டையை நிரப்பித் தபாலில் போட்டார்கள். தட்டம்மை, போலியோ, காலரா, மூளைக்காய்ச்சல் என்று அன்றாடம் கண்ணில் படும் நோய்கள்தாம் அதில் இருந்தன.

இரண்டு விஷயங்கள் அந்த முறையை ஓடவைத்தன. முதலாவது, தகவல் ஒருவழிப் பாதையாக இல்லை. மாவட்டத்தில் எங்கே என்ன நோய் பரவுகிறது என்று தொகுத்து, அட்டை போட்ட டாக்டர்களுக்கே செய்தி மடலாகத் திருப்பி அனுப்பினார்கள். தான் எழுதியது எங்கேயோ ஒரு பீரோவில் தூங்கவில்லை என்று தெரிந்தால், எழுதுகிறவர் அடுத்த மாதமும் எழுதுவார். இரண்டாவது, தகவல் வந்ததும் மாவட்ட சுகாதாரத் துறை நடவடிக்கை எடுத்தது. பின்னாளில் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துக்கும் இந்த முறை போனது.

வழக்கமானதைத் தினமும் எண்ணுகிறவருக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். தட்டம்மைக்காக வைத்த ஆள்தான் புது வைரஸுக்கும் முதல் சாட்சி. போலியோவுக்காக வைத்த ஆள்கள்தானே லாகோஸில் எபோலாவை நிறுத்தினார்கள்! அதனால் ‘உள்ளூர் நோயா, உலக நோயா’ என்ற போட்டியே தேவையில்லாதது. உள்ளூருக்குப் பயன்படாத கண்காணிப்பு அமைப்பு நாளடைவில் தூசி படிந்துபோகும். உலகத்துக்கும் அதனால் பயன் இருக்காது.

காக்கைகள் விழுந்தபோது

1999 கோடைக்காலம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் வயதானவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு வந்தார்கள். தொற்றுநோய் மருத்துவர் டெபோரா அஸ்னிஸ், இது வழக்கமானதாக இல்லையே என்று நகர சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். பரிசோதனை செய்த மத்திய நோய்த் தடுப்பு நிபுணர்கள், கொசுவால் பரவும் ‘செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல்’ என்று அறிவித்தார்கள்.

அதே நேரத்தில் நகரத்தில் காக்கைகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவிலும் பறவைகள் இறந்தன. அங்கே நோயியல் நிபுணராக இருந்த கால்நடை மருத்துவர் டிரேசி மெக்னமாராவுக்கு இது இடித்தது. செயின்ட் லூயிஸ் வைரஸ் பொதுவாகப் பறவைகளைக் கொல்வதில்லை. மனிதர்களுக்கு வந்ததும் பறவைகளுக்கு வந்ததும் ஒன்றாக இருக்கலாம் என்று அவர் சொன்னதை மனித நோய் நிபுணர்கள் முதலில் பொருட்படுத்தவில்லை. அவர் விடவில்லை. மாதிரிகளை வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார். செப்டம்பர் இறுதியில் உண்மை வெளிவந்தது. அது அமெரிக்கக் கண்டத்துக்கே புதிதான வெஸ்ட் நைல் வைரஸ்.

மனிதர்களுக்குப் புதிதாக வரும் தொற்றுகளில் பெரும்பான்மை விலங்குகளிடமிருந்து வருபவை. கர்நாடகத்தின் சிவமொக்காவில் 1957-ல் குரங்குகள் கொத்துக்கொத்தாக இறந்ததைப் பின்தொடர்ந்துதான் ‘குரங்குக் காய்ச்சல்’ எனப்படும் கியாசனூர் காட்டு நோய் அடையாளம் காணப்பட்டது. இருந்தும் பல நாடுகளில் கால்நடை மருத்துவர் ஓர் அமைச்சகத்தின் கீழ், மனித மருத்துவர் வேறோர் அமைச்சகத்தின் கீழ், வன அலுவலர் இன்னோர் அமைச்சகத்தின் கீழ். மூவரையும் வாரம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்காரவைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

இயந்திரம் எங்கே உதவும்?

2008-ல் கூகுள் நிறுவனம் ஒரு புது முயற்சியைத் தொடங்கியது. மக்கள் ‘காய்ச்சல்’, ‘இருமல்’ என்று தேடுவதை வைத்தே ஃப்ளூ பரவலைக் கணித்துவிடலாம் என்றது. உலகமே வியந்தது. ஆனால் 2009-ல் பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அது கோட்டைவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் உண்மையான அளவைவிட மிக அதிகமாகக் காட்டியது. 2015-ல் நிறுத்திவிட்டார்கள். செய்தியில் ஃப்ளூ பற்றிப் படித்துப் பயந்தவரும் தேடுவார், நோய் வந்தவரும் தேடுவார். இருவரையும் இயந்திரத்தால் பிரிக்க முடியவில்லை.

அதற்காகத் தொழில்நுட்பமே வேண்டாம் என்பதல்ல. 1994-ல் தொடங்கிய ‘ப்ரோமெட்’ என்ற சாதாரண மின்னஞ்சல் சேவை, 2019 டிசம்பர் 30 அன்றே வூஹானில் காரணம் தெரியாத நிமோனியா பரவுவதை உலகத்துக்குச் சொன்னது. அதில் வரும் தகவல்களை நிபுணர்கள் படித்து, சலித்து, குறிப்பு எழுதி அனுப்புவார்கள். சாக்கடை நீரைப் பரிசோதிக்கும் முறையும் அப்படித்தான். 2022-ல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் கிடைத்ததும், ஒரு குழந்தைகூட முடங்காமலேயே அங்கே தடுப்பூசி முகாம் தொடங்கிவிட்டது. 2024 ஜூலையில் காஸாவின் கழிவுநீர் மாதிரிகளில் போலியோ வைரஸ் இருப்பது தெரிந்தது. அடுத்த மாதமே ஒரு குழந்தை முடங்கியது உறுதியானது.

ஆனால் சாக்கடைக் குழாயே இல்லாத கிராமத்தில் இந்த முறை முழுமையாக உதவாது. மெலியாண்டுவுக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு செவிலியர், அவருக்கு ஒரு போன், எடுத்த மாதிரியைக் கொண்டுபோக ஒரு பைக், போய்ச் சேர ஓர் ஆய்வகம். மற்றவை அதற்கு மேல் கட்டும் மாடிகள்.

உண்மை சொன்னவருக்குத் தண்டனையா?

2002-03-ல் சார்ஸ் நோய் சீனாவிலிருந்து தாமதமாகத் தெரியவந்து, 774 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின் சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2005-ல் திருத்தி எழுதப்பட்டன. உலகை அச்சுறுத்தக்கூடிய நோய் என்று ஒரு நாடு மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

விதி இருக்கிறது. தெரிவித்தால் என்ன நடக்கிறது? 1994-ல் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியதும் பல நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின, பொருள்களை வாங்க மறுத்தன. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா, தன் விஞ்ஞானிகள் கண்டறிந்த புதிய கொரோனா உருமாற்றத்தை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னது. அதுதான் ஒமைக்ரான். இரண்டே நாளில் பல நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கும் அண்டை நாடுகளுக்கும் கதவைச் சாத்தின. சுற்றுலாவை நம்பியிருந்தவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த நாடு, அடுத்த முறை உடனே வாய் திறக்குமா?

ஒரு மருத்துவமனைக்குள்ளும் இதே கதைதான். தகவல் சொன்ன டாக்டருக்கு ‘ஏன் பீதியைக் கிளப்புகிறீர்கள்?’ என்ற மெமோ வந்தால், அடுத்த டாக்டர் பேசாமல் இருந்துவிடுவார். முதலில் சொன்னவருக்குப் பண உதவியும் தடுப்பூசியும் பாதுகாப்பும் கிடைக்கும் என்ற நிலை வந்தால், எத்தனை கோடி ரூபாய் இயந்திரங்களாலும் செய்ய முடியாததை அது செய்யும்.

7-1-7

இவ்வளவையும் எப்படி அளப்பது? 2021-ல் பொது சுகாதார நிபுணர்கள் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்கள். நோய் தலைகாட்டி 7 நாள்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த 1 நாளுக்குள் உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த 7 நாள்களுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடிக்க வேண்டும். மூன்றில் எங்கே தாமதமானது என்று பார்த்தால், அடுத்த ரூபாயை எங்கே போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆன இடத்தில் பெரிய மருத்துவமனை கட்டுவதைவிடச் செவிலியருக்குப் பயிற்சி தருவது முதல் வேலை. மறுநாளே கண்டுபிடித்தும் மாதிரி ஒரு வாரம் வழியில் கிடக்கிறது என்றால், ஆய்வகம்தான் முதல் வேலை. ஊருக்கு ஊர் பதில் மாறும்.

இப்போது இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் முடிவை அறிவித்தது. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான உலகளாவிய ஆய்வக வலைப்பின்னலில் 700-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. அமெரிக்க நிதியைப் பெரிதும் நம்பியிருந்த அந்த வலைப்பின்னல் மூடப்படும் அபாயத்தில் இருப்பதாக அந்த ஆண்டே எச்சரிக்கை வந்தது. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும் வேலைகள்தாம். தட்டம்மை மாதிரியைச் சோதிப்பவர், தபால் அட்டையைத் தொகுப்பவர், ஊர் ஊராகப் போகும் பைக்குக்கான பெட்ரோல். வெட்டிய மறுநாள் எதுவும் நடக்காது. அறிக்கையில் பூஜ்ஜியம் வரும். பார்ப்பவர்களுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும்.

லாகோஸில் அடடேவோ அந்த நோயாளியை அனுப்பிவைத்திருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். மலேரியா என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்த்திருக்கலாம். அவர் போனை எடுத்தார். மறுமுனையில் எடுத்தவர்கள் அவர் சொன்னதை நம்பினார்கள். இந்த இரண்டும் எல்லா ஊர்களிலும் நடப்பதற்குச் செலவிடும் பணம்தான் பட்டியலில் முதலில் வர வேண்டும்.